கசிவு இல்லை

பழைய மீன்தொட்டியை சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது. இதை யாரிடம் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள். பிறகு நேராகப் போய் சோப்புப் போட்டுத்தான் கழுவுகிறார்கள். எத்தனை முறை அலசினாலும் சோப்பின் மிச்சம் மூலைப் பசையில் தங்கிவிடும். மூன்றாம் நாள் மீன் மல்லாந்து மிதக்கும். உடனே மீன் விற்ற கடைக்காரரைத் திட்டுவார்கள்.

நீங்கள் காகிதமும் பேனாவும் கொடுத்து, "நடந்ததை நடந்தபடி எழுதுங்க" என்றீர்கள். நடந்தது ஒரு தொட்டியைக் கழுவியதில்தான் தொடங்குகிறது, அதனால் அங்கிருந்தே எழுதுகிறேன். பேனா மட்டும் திட்டுத்திட்டாக எழுதுகிறது. உங்கள் அலுவலகத்தில் பொருள்களைச் சோதித்து வாங்கும் வழக்கம் இல்லை போலிருக்கிறது.

சோதிப்பது என் தொழில். தண்ணீர்த் தொட்டியும் பம்பும் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடமாகக் கசிவு பார்க்கிறேன். அங்கே எனக்குப் பெயர் 'ரெண்டு நாள்'. எந்தத் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தாலும், "தண்ணி ரொப்பி ரெண்டு நாள் வெச்சுப் பாக்கலாம்" என்பேன், அதனால் வந்த பெயர். கேன்டீனில் டீ வாங்கினால், "சார், ரெண்டு நாள் வெச்சுப் பாத்துட்டுக் குடிங்க" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தொட்டி ஒன்றுகூட ஒழுகுகிறது என்று திரும்பி வந்ததில்லை. இந்த வரியை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்த வருடங்களில் போனபோது அவளுக்கு இருபத்திரண்டு, எனக்குப் பத்தொன்பது. அதற்குப் பிறகு முப்பது வருடம் அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். ஏன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று அவளை எல்லோரும் கேட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "தம்பிக்கு யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். நான் ஒருநாளும் அவளை இருக்கச் சொன்னதில்லை. இரண்டு வரன்கள் வந்தபோது, வேலை மெனக்கெட்டு விசாரித்துக் கொடுத்ததே நான்தான். விசாரித்ததில் இரண்டும் சரியில்லை. ஒருவருக்கு முன்கோபம், மற்றவருக்குப் பின்கழுத்தில் ஒரு கட்டி. தெரிந்தே எப்படிக் கொடுப்பது?

ஐம்பத்திரண்டாவது வயதில் அவளுக்குப் படிக்கும் எழுத்து மங்கியது. மூக்குக்கண்ணாடி வாங்கப் போனாள். கண்ணாடி வாங்கப் போனவள் கண்ணாடிக் கடைக்காரரையே கட்டிக்கொண்டு வந்தாள்.

இந்த முறை விசாரித்துக் கொடுக்கும்படி என்னிடம் யாரும் கேட்கவில்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, ஒரு இனிப்புப் பெட்டியோடு வந்து சொன்னார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் கடையில் லென்ஸ் தேய்ப்பவராம். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், பிள்ளை கிடையாது, வாய் நிறையச் சிரிப்பு. எதிரே நிற்பவரின் கண்ணை உற்றுப் பார்த்துப் பேசுவார். அது அவர் தொழில், ஆனால் அக்கா அதை அன்பு என்று எடுத்துக்கொண்டாள். நான் அவரை அத்தான் என்று கூப்பிட்டேன். முறை என்று ஒன்று இருக்கிறதே.

இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அவர் வீடு. அக்கா அங்கே போனாள். முதல் மாதம் தினமும் டிபன் கேரியர் வந்தது. இரண்டாம் மாதம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தது. மூன்றாம் மாதம், "டேய், நீயே சாதம் வெக்கக் கத்துக்கோடா, ஒண்ணும் கம்ப சூத்திரம் இல்ல" என்றாள். கற்றுக்கொண்டேன். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. சட்டைகள் மட்டும் கசங்கத் தொடங்கின, இப்போதெல்லாம் நல்ல துணி வருவதில்லை. வீட்டில் தூசியும் கூடிவிட்டது. எதிரே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது, அந்த சிமெண்ட் தூசிதான்.

ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், உள்ளே விளக்கு எரியாது. முப்பது வருடம் எரிந்த விளக்கு. இருட்டில் சுவரைத் தடவி நானே சுவிட்சைப் போட வேண்டும். அது எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா திரும்பி வர வேண்டும் என்று நினைத்தேன். ஒரு தம்பி அப்படி நினைப்பதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தொட்டி வந்தது அடுத்த வருடம். அத்தானின் கடைக்குப் பக்கத்தில் இருந்த பல் டாக்டர் தொழிலை விட்டுவிட்டு மகளிடம் போனார். காத்திருப்போர் அறையில் இருந்த நான்கடித் தொட்டியை, இரும்பு ஸ்டாண்டோடு அத்தானுக்குச் சும்மா கொடுத்தார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அந்தப் பழமொழியைக் கிளப்பிவிட்டவர் கிழட்டு மாட்டைத் தள்ளிவிட வழி தேடிக்கொண்டிருந்த ஆளாகத்தான் இருக்க வேண்டும். அதிலும் கொடுத்தவர் பல் டாக்டர்.

அத்தான் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி மீனை விடுவதாக இருந்தார். அக்காதான் தடுத்தாள். எனக்குப் போன் செய்து, "நீ ஒரு தடவை பாத்துக் குடுடா. நீ பாத்துச் சரின்னு சொன்னாத்தான் எனக்கு நிம்மதி" என்றாள். ஆக, தொட்டி முதலில் என் வீட்டுக்கு வந்தது.

உள்ளே கால்வாசி உயரத்துக்குக் காய்ந்த பாசி. அதற்கு மேலே, வருடக்கணக்காகத் தண்ணீர் நின்ற மட்டத்தில், சுற்றிலும் வெள்ளையாக உப்புப் படிவு. பல் டாக்டரின் தொட்டிக்கே இப்படிக் காரை. கூழாங்கற்களை ஒரு வாளியில் அள்ளிப் போட்டேன், அதில் ஒரு கடைவாய்ப் பல்லும் இருந்தது. யாருடையதோ. உப்புப் படிவுக்கு வினிகரில் நனைத்த துணியை ஒரு மணி நேரம் ஒட்டி வைத்தேன். பாசியைச் சவர பிளேடால் சுரண்டினேன். மூலைகளில் பிளேடு படக் கூடாது. கண்ணாடியையும் கண்ணாடியையும் பிடித்துக்கொண்டிருப்பது அங்கே இருக்கும் சிலிக்கான் பசை மட்டும்தான், அதைக் கீறினால் கதை முடிந்தது. மூலைகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷும் கல்லுப்பும் போதும். நான் ஒரு மூலையைக்கூடக் கீறவில்லை. இதை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஒரு முறை, நல்ல தண்ணீரில் ஆறு முறை அலசினேன். வாசம் போகும்வரை வெயிலில் காய வைத்தேன். விளக்கைப் பின்னால் பிடித்து, கண்ணாடிகள் சேரும் எல்லா இணைப்பிலும் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். பசை சில இடங்களில் மஞ்சளித்திருந்தது, ஆனால் எங்கும் உரியவில்லை. பார்வைக்கு எல்லாம் சரி. பார்வையை நம்பி என் தொழிலில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்டாண்டை முன்னறையில் போட்டு மட்டம் பார்த்து, அதன்மேல் அன்றைய செய்தித்தாளை விரித்து, தாளின்மேல் தொட்டியை வைத்தேன். தாள் சுற்றிலும் நான்கு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு சொட்டுக் கசிந்தாலும் தாள் குடித்துக் காட்டிக் கொடுத்துவிடும். தரையை நம்பக் கூடாது, தரை உறிஞ்சிக்கொண்டு ஒன்றும் தெரியாதது போல இருந்துவிடும். ஒன்பது மணிக்கு இருநூறு லிட்டர் ரொப்பி முடித்தேன்.

அத்தானும் அக்காவும் பார்க்க வந்தார்கள்.

"ரெண்டு நாளா?" என்றார் அத்தான். "ஒழுகினா இப்பவே தெரியாதா மச்சான்? ஒரு கல்யாணம் பண்ணவே எனக்குப் பத்து நிமிஷம்தான் ஆச்சு." அவரே சிரித்துக்கொண்டார். கடையைத் திறக்க வேண்டும் என்று கிளம்பினார்.

அக்கா நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மீன் இல்லை, செடி இல்லை, கல் இல்லை. வெறும் தண்ணீர். ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெறும் தண்ணியே எவ்வளவு அழகா இருக்கு பாருடா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மீன் வேலை பூரா அவரே பாத்துக்கிறாராம். தண்ணி மாத்துறது, கழுவுறது எல்லாம். நான் கையே வெக்க வேணாமாம். எனக்காக ஒருத்தர் ஒரு வேலையச் செய்றேன்னு சொல்றது இதாண்டா மொத தடவ" என்றாள்.

அவளுக்காகச் சமையலறைக் குழாய்க்கு மூன்று முறை வாஷர் மாற்றியிருக்கிறேன், அதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. கோபம் வந்தது. ஐம்பது வருடத்தை ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர் ஒரு வாக்கியத்தில் துடைத்துப் போட்டுவிட்டார், அதற்கு இவள் கண் கலங்குகிறாள். போகும்போது என் தலையைத் தொட்டு, "இளைச்சிட்டியேடா" என்றாள். இளைக்காமல் என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்தேன். பின்பக்கம், இடது மூலைக்குக் கீழே, தாளில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஈரம்.

பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போட்டேன். பக்கத்தில் நேரத்தை எழுதினேன். இது பழக்கம். கை தானாகச் செய்யும்.

அந்தக் கசிவைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. தண்ணீரை இறக்கி, அந்த மூலையில் பழைய பசையை வெட்டி எடுத்து, புதுப் பசையை வைத்து, ஒரு வாரம் காயவிட வேண்டும். ஒரு மணி நேர வேலையும் ஒரு வாரப் பொறுமையும். பசைக்குழாய் என் அலமாரியிலேயே இருந்தது, பாதிக்கு மேல் மிச்சம். அலமாரியைத் திறந்து அதைப் பார்த்தேன். மறுபடி மூடினேன்.

பிறகு தொட்டியைக் காலி செய்தேன். ஈரத் தாளை எடுத்துவிட்டேன். பழைய பேப்பரையெல்லாம் முந்தின நாள்தான் எடைக்குப் போட்டிருந்தேன். வாசலில் அப்போதுதான் அன்றைய தாள் வந்து விழுந்திருந்தது. அதை எடுத்து விரித்து, அதன் ஓரத்தில், 'ஞாயிறு காலை 9 முதல் செவ்வாய் காலை 9 வரை. கசிவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தொட்டியோடு சோதனைத் தாளையும் கொடுப்பது எங்கள் தொழிற்சாலை வழக்கம். வாங்குகிறவருக்கு ஒரு நம்பிக்கை.

நான் செய்தது அவ்வளவுதான். ஒரு தாளை எடுத்துவிட்டு இன்னொரு தாளை வைத்தேன். வீட்டுக்கு வீடு தினமும் நடக்கிற காரியம்.

அத்தான் வீட்டில் தொட்டியை வைத்துக் கொடுத்ததும் நான்தான். சுவரோரமாக, கசிகிற மூலை பின்னால் வரும்படி வைத்தேன். அழகான பக்கம் முன்னால் இருப்பதுதானே முறை? விளக்கு, காற்று மோட்டார், ஹீட்டர் மூன்றின் ஒயர்களும் பின்பக்கம் இறங்கி, தரையில் கிடந்த ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போய்ச் சேர்ந்தன. பெட்டி சரியாக அந்த மூலைக்குக் கீழே கிடந்தது. அங்கே அதைப் போட்டவர் அத்தான், நான் இல்லை.

"அத்தான், இதை மேல சுவத்துல மாட்டிடுங்க. தண்ணிக்குக் கீழ கரண்டு இருக்கக் கூடாது" என்றேன்.

"மாட்டிடலாம் மாட்டிடலாம்" என்றார். கடையில் கண்ணாடி கேட்பவர்களிடம் 'நாளைக்கு ரெடி' என்று சொல்வாரே, அதே குரல்.

நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை. எதையும் இரண்டாவது முறை சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. போகும்போது மெயின் போர்டைத் திறந்து பார்த்தேன். கட்டடத்தைப் போலவே அதுவும் பழசு, கசிகிற மின்சாரத்தை நிறுத்தும் கருவியெல்லாம் அதில் கிடையாது. அத்தான் சோதனைத் தாளை மடித்து, தொட்டி ஸ்டாண்டின் கீழ்த் தட்டில் பத்திரமாக வைத்தார். "மச்சானோட கேரண்டி" என்று சிரித்தார்.

என் கணக்கு எளிமையானது. மீன் வேலை முழுக்க அத்தானுடையது. அவரே வாக்குக் கொடுத்திருக்கிறார், அக்கா சாட்சி. ஞாயிறுதோறும் தண்ணீர் மாற்றுவார். தொட்டிக்குப் பின்னால் குனிகிறவர் அவர், ஒயரைப் பிடிக்கிறவர் அவர். ஒருநாள் அவர் கையும் ஈரமாக இருக்கும், தரையும் ஈரமாக இருக்கும். நான் எதையும் செய்ய வேண்டியதில்லை. தண்ணி ரொப்பியாகிவிட்டது, வைத்துப் பார்க்க வேண்டியதுதான். இரண்டு நாளோ இரண்டு மாதமோ, வைத்துப் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

ஞாயிறுதோறும் சாப்பிடப் போனேன். ஆரஞ்சு நிறத்தில் ஆறு மீன்கள். அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஒன்று எப்போதும் மூலையில் தனியாக நிற்கும். "அது நீதாண்டா" என்றாள். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். கை கழுவப் போகும்போது பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். ஸ்டாண்டின் பின்காலில் துரு மேலிருந்து கீழே கோடாக இறங்கத் தொடங்கியிருந்தது.

நான்காவது ஞாயிறு, அத்தான் ஊறுகாய் வாங்கக் கீழே போயிருந்தபோது அக்கா கேட்டாள். "ஏண்டா, அந்தப் பின்மூலைக்குக் கீழ தரை ஈரமாவே இருக்கே? காலைல தொடச்சா சாயந்தரம் மறுபடி நிக்குது. தொட்டி எதாவது ஒழுகுதா?"

இதற்கு நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், ஒன்றும் மறைக்கப் போவதில்லை. "இல்லக்கா. குளுந்த தண்ணி இருந்தா கண்ணாடி வேர்க்கும். ஐஸ் தண்ணி டம்ளர் வேர்க்குதில்ல, அது மாதிரி."

ஹீட்டர் போட்ட தொட்டி வேர்க்காது. எட்டாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "நீ சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். காலையில் துடைத்தால் சாயங்காலம் நிற்கிறது என்றால், ஒரு மணி நேரத்துக்கு இத்தனை சொட்டு என்று மனதில் கணக்குப் போட்டபடி நான் சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது.

அது நடந்தது அதற்கு அடுத்த வியாழக்கிழமை. காலை பதினொன்றே கால். நான் வேலையில் இருந்தேன். போனில் அத்தானின் எண் வந்தது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் விழுந்துவிட்டார், அக்கா பதறிப்போய் அவர் போனை எடுத்து என்னைக் கூப்பிடுகிறாள். இந்தப் போனுக்காக நான்கு வாரத்துக்கு மேலாகத் தயாராக இருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்பதுகூட மனப்பாடம். எடுத்ததும், "அக்கா, நான் வர்றேன், நீ எதையும் தொடாத" என்றேன்.

அந்தப் பக்கம் அத்தானின் குரல் கேட்டது.

முதலில் எனக்கு வந்தது எரிச்சல்தான். இந்த மனுஷன் எதற்கு இப்போது பேசுகிறார் என்று. பிறகுதான் அவர் சொல்வது காதில் விழுந்தது. பள்ளிக்கூடத்துக்கு அன்று விடுமுறை. கடையிலிருந்து இவர் மூன்று முறை கூப்பிட்டும் அக்கா எடுக்கவில்லை. வந்து பார்த்தால் தொட்டிக்குப் பின்னால், கையில் ஈரத் துணியோடு.

என் முதல் வார்த்தையை அத்தான் உங்களிடமும் சொன்னாராம். "பாருங்க, அவளுக்கு ஒண்ணுன்னா இவருக்கு அப்பவே மனசுல பட்டிருக்கு" என்றாராம். நீங்களும் அதைப் பாசம் என்று எழுதிக்கொண்டீர்களாம். கடுகு போன இடத்தைத் தடியெடுத்துத் தேடுபவருக்குப் பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்கள். நான் உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

எல்லாம் முடிந்த மறுநாள் அத்தான் என் முன்னறையில், அக்கா உட்கார்ந்த அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சவரம் செய்யவில்லை. சிரிப்பும் இல்லை.

"நான்தான் மச்சான் கொன்னுட்டேன்" என்றார். "பெட்டிய மேல மாட்டச் சொன்னீங்க. அவளும் சொன்னா. மாட்டுறேன் மாட்டுறேன்னே சொல்லிட்டிருந்தேன். ரெண்டு ஸ்குரூ மச்சான். ரெண்டே ரெண்டு ஸ்குரூ."

"ஆமாம்" என்றேன். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே.

அவர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதரை அன்றுதான் முதல்முறையாக எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

அத்தோடு விஷயம் முடிந்திருக்கும். அத்தான் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டார், எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் நீங்கள் அதோடு விடவில்லை. தொட்டியை எடுத்துப் போய் யாரிடமோ காட்டியிருக்கிறீர்கள். பின்மூலையில் கசிவு, பழைய கசிவு என்று அவர் சொல்லியிருக்கிறார். நேற்று என்னை வரச் சொல்லி, உங்கள் பெரிய அதிகாரி தட்டச்சு செய்த ஒரு காகிதத்தை என் முன்னால் தள்ளினார். 'தொட்டியைச் சோதித்தவர் கசிவைக் கவனிக்கத் தவறிவிட்டார். கவனக்குறைவு' என்று இருந்தது. "கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, பெரிசா ஒண்ணும் வராது. பாவம், உங்களுக்கே அக்கா போன துக்கம்" என்றார்.

கவனிக்கத் தவறிவிட்டேனாம்.

இருபத்தெட்டு வருடத்தில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நேற்று முழுக்க அந்த வரியே மண்டைக்குள் ஓடியது. ஒரு சாதாரணக் கசிவு. பின்பக்கம், இடது மூலை. முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தவர்கூடப் பார்த்துவிடுவார். அதை நான் பார்க்கவில்லை என்று ஒரு அரசாங்கக் காகிதம் சொல்லும், அதன் கீழே என் கையெழுத்து இருக்கும். தொழிற்சாலைக்கு விஷயம் போகும். கேன்டீனில் சிரிப்பார்கள்.

அதனால்தான் இன்று காலை நானே வந்தேன். கூடவே, சோதனைத் தாள்களைச் சேர்த்துவைக்கும் என் கோப்பையும் கொண்டுவந்தேன். அதில் இருக்கிறது அந்த முதல் தாள், ஞாயிற்றுக்கிழமைத் தாள். ஈரம் காய்ந்து பழுப்பாக ஒரு வட்டம், அதைச் சுற்றி என் பென்சில் வட்டம், பக்கத்தில் 'செவ்வாய் காலை 6.10'. சோதனை முடிவைத் தூக்கிப் போடும் பழக்கம் எனக்குக் கிடையாது. சாதகமோ பாதகமோ, கோப்பில் போட்டுவிடுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'கசிவு இல்லை' என்று நான் எழுதிக் கொடுத்த தாள் பதினோரு நாளாக உங்கள் கையில் இருக்கிறது. ஒருவராவது அதன் தேதியைப் பார்த்தீர்களா? அது செவ்வாய்க்கிழமைத் தாள். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ரொப்பிய தொட்டிக்கு அடியில் செவ்வாய்க்கிழமைத் தாள் எப்படிப் போகும்? இருநூறு லிட்டர் தண்ணீரை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் செருகினேனா? என் வேலையில் நடந்த ஒரே பிழை அதுதான். அதையும் நானே எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. இந்த லட்சணத்தில் கவனக்குறைவு எனக்காம்.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன். கசிவை நான் கவனித்தேன். தெரிந்தே தாளை மாற்றினேன். தெரிந்தே அந்த மூலையைப் பெட்டிக்கு மேலே வைத்தேன். அக்கா கேட்டபோது தெரிந்தே பொய் சொன்னேன். அத்தான் சாக வேண்டும், அக்கா வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும் என்பதற்காகச் செய்தேன். கொலை என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், அது உங்கள் தொழில். கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்.

நான் எல்லாவற்றையும் சோதித்தேன். தொட்டி, ஸ்டாண்டு, மட்டம், ஒயர், மெயின் போர்டு, அத்தானின் வழக்கங்கள் எல்லாம். என் கணக்கில் எங்கேயும் ஓட்டை இல்லை. தொட்டி வேலை அத்தானுடையது என்று வீட்டில் பேசி முடிவானது. அன்றைக்கு அக்கா எதற்காக அங்கே போய்க் குனிந்தாள் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. விதி என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது?

எழுத உட்காருவதற்கு முன் இதை நான் வாயால் சொன்னபோது, பக்கத்து மேஜையில் எழுதிக்கொண்டிருந்த பெண் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அவர் வாயே திறக்கவில்லை. "முப்பது வருஷம் ஒண்ணா இருந்தீங்களே சார், உங்க வீட்ல தரைய யாரு தொடைப்பாங்க?" என்று கேட்டார். வழக்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது என் வழக்கம் இல்லை. ரொம்ப நேரம் யோசித்துப் பார்த்தேன், பதிலையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுத் தரையை யாரும் துடைத்ததாக எனக்கு நினைவில்லை. அது எப்போதும் சுத்தமாகத்தான் இருந்தது.